மொழி வகுப்பில் கூடிக் கற்றல்: பெஞ்சைத் திருப்பிப் போட்டால் மட்டும் போதாது

"நாலு நாலு பேரா உட்காருங்க. பாடத்தைப் பற்றிக் கலந்து பேசி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று ஆசிரியர் சொல்கிறார். பெஞ்சுகளை இழுக்கும் சத்தம் அடங்கியதும் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு குழுவிலும் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஓரத்தில் கோடு போட்டுப் பூ வரைவார். மூன்றாமவர் எழுதுபவருக்கு ரப்பர் எடுத்துக் கொடுப்பார். நான்காமவருக்கு ஜன்னல் இருக்கிறது. பீரியட் முடியும்போது அழகான ஒரு தாள் மேசைக்கு வந்துவிடும், நான்கு பெயர்களோடு. எழுதியவர் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதினார், மற்ற மூவர் அதையும் செய்யவில்லை.

இதைக் குழுவாக உட்காருதல் என்று வேண்டுமானால் சொல்லலாம். கூடிக் கற்றல் என்று கல்வியாளர்கள் சொல்வது வேறு. ஒரு சிறு குழுவில் இருக்கும் எல்லோரும் பங்கெடுத்தால்தான் வேலை முடியும், எல்லோருக்கும் புரிந்தால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. வேலையை அப்படி அமைத்துக் கொடுப்பதுதான் கூடிக் கற்றல். அதாவது விஷயம் பெஞ்சிலும் இல்லை, பிள்ளைகளின் நல்ல மனசிலும் இல்லை, கொடுக்கிற வேலையில் இருக்கிறது. "இந்தப் பசங்களுக்கு ஒத்துழைக்கவே தெரியலை" என்று சலித்துக்கொள்ளும் முன், கொடுத்த வேலையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. ஒருவரே தனியாக முடித்துவிடக்கூடிய வேலையை நான்கு பேரிடம் கொடுத்தால், ஒருவர்தான் முடிப்பார். அதில் பிள்ளைகளின் தப்பு எதுவும் இல்லை.

மொழி வகுப்புக்கு ஏன் இது கூடுதலாகத் தேவை?

கணக்கு வகுப்பில் பிள்ளைகள் பேசுவது கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு வழி. மொழி வகுப்பில் பேச்சே பாடம். ஆனால் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று ஒரு மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 நிமிட வகுப்பு, 40 பிள்ளைகள். ஆசிரியர் பாதி நேரம் பேசினாலும் மீதி 22 நிமிடத்தைச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு அரை நிமிடம். அதுவும் சமமாகவா பங்கிடப்படுகிறது? முன் வரிசையில் கை தூக்கும் நாலைந்து பேருக்கே பெரும்பகுதி போய்விடும். அதே வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பத்து நிமிடம் பேசவிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. வேறு எந்த உத்தியும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பேச்சு நேரத்தைத் தராது.

பேச வைப்பது அப்படி என்ன முக்கியம், நிறையக் கேட்டால் தானாக வந்துவிடாதா என்று கேட்கலாம். கனடாவில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் பள்ளிகள் 1960களில் தொடங்கின. அங்கே படித்த பிள்ளைகளுக்குப் பல வருடம் பிரெஞ்சு கேட்டதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் குறையே இல்லை. பேச்சும் எழுத்தும் மட்டும் இலக்கணத்தில் தடுமாறின. இதைக் கவனித்த மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் ஒரு கருத்தை முன்வைத்தார். கேட்கும்போது அர்த்தம் பிடிபட்டால் போதும், விகுதியையும் வேற்றுமை உருபையும் கவனிக்காமலே தாண்டிவிடலாம். சொல்ல முயலும்போதுதான் "இதை எப்படிச் சொல்வது" என்ற இடத்தில் மாட்டிக்கொள்கிறோம். அந்த மாட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்பது அவர் வாதம். குழுவில் பேசும் பிள்ளை ஒரு பீரியடில் பல முறை அப்படி மாட்டிக்கொள்ளும். ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்பில் அந்த வாய்ப்பே வராது.

சரி, தப்பாகப் பேசும் பிள்ளைகளை ஒன்றாக விட்டால் ஒருவர் தப்பை இன்னொருவர் பிடித்துக்கொள்ள மாட்டாரா? மொழி ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. மொழி ஆய்வாளர்கள் மைக்கேல் லாங்கும் பாட்ரீஷியா போர்ட்டரும் 1985இல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் கண்ணெதிரே பேசும்போது செய்வதைவிடத் தங்களுக்குள் பேசும்போது கற்பவர்கள் அதிகமாகத் தப்பு செய்வதில்லை என்பதுதான் அதில் தெரிந்தது. சரியானதைத் தப்பாகத் திருத்திவிடுவதும் அரிது. அதோடு, புரியாதபோது "என்ன சொன்ன?", "அப்படின்னா?" என்று கேட்பது தங்களுக்குள் பேசும்போதுதான் தாராளமாக நடக்கிறது. ஆசிரியரிடம் அப்படிக் கேட்கக் கூச்சம், பக்கத்தில் இருப்பவரிடம் என்ன கூச்சம்?

இரண்டு திருகாணிகள்

இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ராஜர் ஜான்சன் சகோதரர்கள். ஒத்துழைப்பும் போட்டியும் பற்றி உளவியலாளர் மார்ட்டன் டாய்ச் 1949இல் சொன்ன கோட்பாட்டை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்கள். கூடிக் கற்றலுக்கு ஐந்து கூறுகள் வேண்டும் என்பார்கள். ஒருவரை ஒருவர் சார்ந்திருத்தல், தனிநபர் பொறுப்பு, நேருக்கு நேர் பேசி உதவிக்கொள்ளுதல், குழுவில் பழகும் திறன்கள், "நம் குழு எப்படி வேலை செய்தது" என்று கடைசியில் திரும்பிப் பார்த்தல். ஐந்தும் வேண்டியவைதான். ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். மற்ற மூன்றும் பழகப் பழக வரும்.

சார்ந்திருத்தல் என்றால், உன்னிடம் இருப்பது எனக்கு வேண்டும், என்னிடம் இருப்பது உனக்கு வேண்டும் என்ற நிலை. இது உபதேசத்தால் வராது. தகவலைப் பிரித்துக் கொடுத்தால் வரும். நான்கு பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்தால் யாருக்கும் யாரும் தேவையில்லை. ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் பேசாமல் வேறு வழியில்லை.

தனிநபர் பொறுப்பு என்றால், யாரும் ஒளிந்துகொள்ள முடியாமல் இருப்பது. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனித்தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் ஆளுக்கு வெளிப்பட்டது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பிற்காலத்தில் கைதட்ட வைத்தும் கத்த வைத்தும் உளவியலாளர்கள் உறுதி செய்தார்கள். தன் பங்கு தனியாகத் தெரியாது என்று தெரிந்தால் மனிதர்கள் சுணங்குகிறார்கள். நம் மொழியில் இதற்குக் கும்பலோடு கோவிந்தா என்று பெயர். குழு சிறிதாக இருந்தால், யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேட்பார்கள் என்று தெரிந்தால், இது பெருமளவு போய்விடும். அதனால் மொழி வகுப்பில் நான்கு பேருக்கு மேல் ஒரு குழுவில் போடாதீர்கள். ஆறு பேர் குழுவில் எப்போதும் இரண்டு பேர் பார்வையாளர்கள்தான்.

ஒரு பயிற்சியைக் கிட்டே போய்ப் பார்ப்போம்

கேட்டு எழுதுதல் என்றால் சொல்வதை எழுதுவது, எல்லோருக்கும் தெரியும். அதையே கொஞ்சம் மாற்றினால் அருமையான குழுப் பயிற்சி ஆகிவிடும். டிக்டோகிளாஸ் என்று இதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூத் வைன்ரிப் 1990 வாக்கில் இதை விரிவாக வகுத்துக் கொடுத்து ஆசிரியர்களிடையே பரவச் செய்தார். ஆசிரியர் ஒரு சிறு பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை படிப்பார். முதல் முறை கேட்க மட்டும். இரண்டாம் முறை, காதில் விழும் முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். முழுதாக எழுத நேரமே இருக்காது, இருக்கவும் கூடாது. பிறகு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, அவரவர் குறிப்புகளை ஒன்றாக வைத்து, அந்தப் பத்தியைத் திரும்பக் கட்ட வேண்டும். கடைசியில் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

உதாரணத்துக்கு இப்படி ஒரு பத்தி:

"மழை விட்டதும் பறவைகள் கூட்டை விட்டு வெளியே வந்தன. அவற்றில் ஒன்று மட்டும் கிளையிலேயே அமர்ந்திருந்தது. இறகுகள் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்ததால் அதனால் பறக்க முடியவில்லை. சிறிது நேரம் வெயில் காய்ந்த பிறகு அதுவும் பறந்து சென்றது."

நான்கே வாக்கியம். ஒருவர் தாளில் "மழை, பறவைகள், வெளியே, கிளை" என்று இருக்கும். இன்னொருவர் "ஒன்று மட்டும், நனைந்து, முடியவில்லை" என்று குறித்திருப்பார். மூன்றாமவருக்குக் கடைசி வாக்கியம் நன்றாக நினைவிருக்கும், முதல் வாக்கியம் சுத்தமாக மறந்திருக்கும். யாருடைய தாளும் தனியாகப் போதாது. சார்ந்திருத்தல் அங்கேயே வந்துவிட்டது, யாரும் அதைப் பற்றி வகுப்பெடுக்கவில்லை.

இப்போது அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

"பறவைகள் வெளியே வந்தது."

"டேய், பறவைகள்னா நிறைய. வந்தனன்னு போடு."

"பேசும்போது வந்துச்சுன்னுதானே சொல்றோம்?"

"பேசும்போது சொல்லலாம். எழுதும்போது வந்தன."

"அப்போ அடுத்ததும் அமர்ந்திருந்தனவா?"

"அது ஒன்னே ஒன்னுதான். அமர்ந்திருந்தது."

எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள ஒருமை பன்மைப் பொருத்தத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப்போட்டாலும் கட்டுரையில் "பறவைகள் வந்தது" வந்துகொண்டேதான் இருக்கும். இங்கே அந்த விதியை மூன்று பேர் சண்டை போட்டுத் தாங்களே எடுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கடைசி வாக்கியத்தில்:

"அது பறந்து சென்றது."

"அதுவும்னு படிச்சாங்க."

"ரெண்டும் ஒன்னுதானே?"

"இல்லடா, மத்ததெல்லாம் முன்னாடியே போயிடுச்சுல்ல? கடைசியா இதுவும்."

ஓர் உம் என்ன வேலை செய்கிறது என்பதை இதைவிட நன்றாக எந்த இலக்கண நூலும் சொல்லிவிடாது. அதைச் சொன்ன பிள்ளைக்குக்கூடச் சொல்லி முடித்த பிறகுதான் தனக்கு அது தெரியும் என்பதே தெரிந்திருக்கும்.

பத்தியைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆசிரியரின் வேலை. எந்த இலக்கணக் கூறு அன்றைக்கு வேண்டுமோ அது இரண்டு மூன்று இடத்தில் வரும்படி நாமே எழுதிக்கொள்வது நல்லது. புதிய சொல் இருந்தால் படிக்கும் முன்பே பலகையில் எழுதி அர்த்தம் சொல்லிவிட வேண்டும். ஐந்து வாக்கியத்துக்கு மேல் போனால் நினைவாற்றல் சோதனையாகிவிடும். முடிவில் மூலத்தைக் காட்டும்போது "யார் அப்படியே எழுதியிருக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள். "எங்கே வேறுபடுகிறது, அர்த்தம் மாறுகிறதா, இலக்கணப்படி சரியா" என்று கேளுங்கள். "கிளையிலேயே அமர்ந்திருந்தது" என்பதை "கிளையை விட்டு நகரவில்லை" என்று ஒரு குழு எழுதியிருந்தால் அது தப்பே இல்லை, பாராட்ட வேண்டியது.

ஜிக்சா

கூடிக் கற்றல் முறைகளில் அதிகம் பேசப்படுவது ஜிக்சா. துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிரின் பெயர் அது. 1971இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினை நீக்கப்பட்டு, வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என எல்லாப் பிள்ளைகளும் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். வகுப்பறைகளில் பதற்றமும் சண்டையும். எலியட் அரோன்சன் என்ற உளவியலாளரும் அவரது மாணவர்களும் உதவிக்கு அழைக்கப்பட்டார்கள். போய்ப் பார்த்தால், ஆசிரியரின் கவனத்துக்காகப் பிள்ளைகள் போட்டி போடும் வழக்கமான கேள்வி பதில் முறையே பகையை வளர்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் பாடத்தைத் துண்டுகளாக வெட்டினார்கள். குழுவில் ஆளுக்கொரு துண்டு. ஒரே துண்டைப் பெற்ற வெவ்வேறு குழுக்காரர்கள் முதலில் ஒன்றுகூடி அதைப் புரிந்துகொள்வார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். தேர்வு எல்லாத் துண்டிலிருந்தும் வரும், ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும்.

அரோன்சன் சொல்லும் ஒரு பையனின் கதை மொழி ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஆங்கிலம் அவனுக்கு இரண்டாம் மொழி. தடுமாறிப் பேசுவான், மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள், அதனால் வாயே திறக்காமல் இருந்து பழகியிருந்தான். ஜிக்சா குழுவிலும் ஆரம்பத்தில் கிண்டல்தான். ஆனால் அவனிடம் இருக்கும் துண்டு கிடைக்காவிட்டால் தேர்வில் தங்களுக்குத்தான் நஷ்டம் என்று புரிந்ததும், அவனிடமிருந்து விஷயத்தை வரவழைக்க நல்ல கேள்விகள் கேட்க ஆரம்பித்தார்கள். அவனும் மெல்லப் பேச ஆரம்பித்தான். இரக்கப்படச் சொல்லி யாரும் பாடம் நடத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மொழி வகுப்பில் ஜிக்சா செய்யும்போது ஒரு ஓட்டை உண்டு. பிள்ளைகள் தங்கள் துண்டை அப்படியே வாசித்துக் காட்டிவிடுவார்கள், மற்றவர்கள் கேட்டதுபோல் தலையாட்டுவார்கள். அடைப்பது சுலபம். முதல் கூட்டம் முடிந்ததும் தாளை வாங்கி வைத்துவிடுங்கள். வேண்டுமானால் ஐந்து சொல் மட்டும் குறித்துக்கொண்டு போகலாம் என்று சொல்லுங்கள். சொந்த வாக்கியத்தில் சொல்லியே ஆக வேண்டும். கேட்பவர்களுக்கும் ஒரு வேலை வேண்டும், நான்கு துண்டும் சேர்ந்தால்தான் விடை வரும் ஒரு கேள்வி கைவசம் இருக்கட்டும். கதையாக இருந்தால் "யார் பொய் சொல்கிறார்கள்?" போன்ற கேள்வி நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு பாத்திரமும் நடந்ததைத் தன் பக்கத்திலிருந்து சொல்லும் நான்கு துண்டுகளை நாமே எழுதிவிட்டால் போதும்.

சின்ன உத்திகள்

மேலே சொன்ன இரண்டும் ஒரு முழு பீரியடைக் கேட்கும். தினமும் அப்படி முடியாது. இரண்டு நிமிடத்தில் முடிகிறவையும் உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981இல் எழுதிய யோசி, ஜோடியாகப் பேசு, வகுப்புக்குச் சொல் என்ற முறை அவற்றில் ஒன்று. கேள்வி கேட்டதும் யாரும் கை தூக்கக் கூடாது. முதலில் தனியாக யோசிக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும், அப்புறம்தான் வகுப்பு முழுதும் கேட்கச் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பதிவுகளிலிருந்து கண்டுபிடித்தார். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். இன்னொரு மொழியில் வாக்கியம் கட்ட வேண்டிய பிள்ளைக்கு அந்த நேரம் இன்னும் கூடுதலாகவே வேண்டும். இதில் நான் விரும்பும் ஒரு சின்னத் திருப்பம் உண்டு. கடைசியில் "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்காமல் "பக்கத்துல இருக்கிறவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். காது கொடுத்துக் கேட்பது அடுத்த நாளே கூடிவிடும்.

எண் தலைகள் என்ற முறையில் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண். எல்லோரும் பேசி விடையை ஒப்புக்கொண்ட பிறகு ஆசிரியர் ஓர் எண்ணைச் சொல்வார், அந்த எண்காரர் எழுந்து சொல்ல வேண்டும். எந்த எண் வரும் என்று தெரியாததால், சொல்லத் திணறுபவருக்குக் குழுவே பயிற்சி கொடுத்துவிடும். வாசிப்புக்கு, பாலின்சர், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் விளக்கிய பரஸ்பரக் கற்பித்தல் இருக்கிறது. ஒரு பத்தியைப் படித்ததும் ஒருவர் சுருக்கிச் சொல்வார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் புரியாத இடத்தைத் தெளிவாக்குவார், ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பார். அடுத்த பத்திக்கு வேலைகள் மாறும்.

யாரை யாரோடு சேர்ப்பது?

நன்றாகப் படிப்பவர்கள், நடுத்தரம், தடுமாறுபவர்கள் எல்லாம் கலந்த குழுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. நண்பர்களையே சேரவிட்டால் பேச்சு களைகட்டும், பாடம் காணாமல் போகும். ஆனால் கலந்து போட்டாலே சமமாகிவிடாது. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் கோஹன் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். வகுப்பில் "இவன் கெட்டிக்காரன்" என்று பெயர் வாங்கியவர் குழுவிலும் அதிகம் பேசுகிறார், அதனால் அதிகம் கற்கிறார், பேசாதவர் இன்னும் பின்தங்குகிறார். கோஹன் சொன்ன பரிகாரங்களில் ஒன்று, பல விதத் திறமைகள் தேவைப்படும் வேலையைக் கொடுப்பது. நடித்துக் காட்டுவது, வரைவது, குரலை ஏற்றி இறக்கிப் படிப்பது, நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவது எல்லாம் மொழி வகுப்பில் இயல்பாகவே இடம்பெறும். இன்னொன்று, பின்தங்கிய பிள்ளை உண்மையாகவே ஒன்றை நன்றாகச் செய்யும்போது எல்லோருக்கும் கேட்கும்படி அதைக் குறிப்பாகச் சொல்வது. "சூப்பர்" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் ஆகாது. "'அதுவும்' என்பதில் உள்ள 'உம்' விகுதியைக் கவனித்தது இவர்தான்" என்று சொன்னால், அடுத்த முறை குழு அவர் பக்கம் திரும்பிக் கேட்கும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர், "என் பிள்ளை ஏன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து நேரத்தை வீணாக்கணும்?" என்று கேட்பார்கள். நோரீன் வெப் என்பவரின் ஆய்வுகள் இதற்குப் பதில் தருகின்றன. விளக்கிச் சொல்லும் பிள்ளை அதனால் கூடுதலாகக் கற்கிறது. வெறும் விடையை மட்டும் சொல்வதாலோ வாங்கிக்கொள்வதாலோ அந்தப் பலன் இல்லை. ஆகவே குழுவில் "விடையைச் சொல்லாதே, எப்படி வந்ததென்று சொல்" என்பதை ஒரு விதியாகவே வைத்துவிடலாம்.

சத்தம், தாய்மொழி, மதிப்பெண்

சத்தம் வரும். பேசச் சொல்லிவிட்டு அமைதியை எதிர்பார்க்க முடியாது. பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவாகாத அளவில் வைத்துக்கொள்ள, கை உயர்த்தினால் எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது போன்ற ஓர் அடையாளத்தை முதல் நாளே பழக்கிவிடுங்கள். இரண்டாம் மொழி வகுப்பென்றால் பிள்ளைகள் இடையிடையே தாய்மொழிக்குத் தாவுவார்கள். அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் தாய்மொழியில் பேசுவது பல நேரம் வேலையைப் பிரித்துக்கொள்ளவும் ஒரு சொல்லின் பொருளை உறுதி செய்துகொள்ளவும்தான். வகுப்பின் முன் சொல்வது கற்கும் மொழியில் இருந்தால் போதும். "எனக்குப் புரியவில்லை", "நான் வேறுமாதிரி நினைக்கிறேன்", "இன்னொரு முறை சொல்லுங்கள்" போன்ற வாக்கியங்களைக் கற்கும் மொழியில் பலகையில் எழுதிப்போட்டால் அந்தத் தாவலும் நாளடைவில் குறையும்.

குழுக்கள் பேசும்போது ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து நோட்டு திருத்தக் கூடாது. சுற்றி வந்து காது கொடுக்க வேண்டும். தப்பு காதில் விழுந்ததும் குறுக்கே பாய்ந்து திருத்தினால் அந்தக் குழுவின் பேச்சு அத்தோடு நின்றுவிடும். குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்லலாம். எனக்குத் தெரிந்தவரை ஆசிரியர்களுக்கு மிகக் கடினமான பகுதி இதுதான், வாயை மூடிக்கொண்டு நிற்பது.

மதிப்பெண்ணில்தான் நல்ல முயற்சிகள் பல கவிழ்கின்றன. குழு முழுதுக்கும் ஒரே மார்க் என்றால், உழைத்தவருக்கு எரிச்சல், உழைக்காதவருக்கு இலவசம். கூடிக் கற்றலுக்காக வாழ்நாள் முழுதும் வாதாடிய ஸ்பென்சர் கேகனே குழு மதிப்பெண்ணைக் கடுமையாக எதிர்த்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்லாவின் வகுத்த முறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. குழுவாகப் படிப்பார்கள், தேர்வைத் தனித்தனியாக எழுதுவார்கள். ஒவ்வொருவரும் தன் முந்தைய சராசரியைவிட எவ்வளவு முன்னேறினார் என்பதற்குத்தான் புள்ளி, அந்தப் புள்ளிகளின் கூட்டல்தான் குழுவின் வெற்றி. 40 வாங்கிக்கொண்டிருந்தவர் 55 வாங்கினால் குழுவுக்கு நல்ல புள்ளி, 90 வாங்குபவர் 90 வாங்கினால் அவ்வளவு கிடைக்காது. தடுமாறும் பிள்ளை சுமையாக இருந்த நிலை மாறி, குழுவுக்குப் புள்ளி தேடித் தருபவராக ஆகிறது. குழுவுக்குப் பாராட்டும் கைதட்டலும், ரிப்போர்ட் கார்டில் அவரவர் மார்க் என்று பிரித்து வைப்பது நல்லது.

எல்லாவற்றையும் குழுவில் செய்ய வேண்டியதில்லை. ஆழ்ந்து வாசிப்பது தனியாகச் செய்ய வேண்டியது. கட்டுரையின் முதல் வரைவையும் தனியாக எழுதவிடுவதே நல்லது, திருத்தும்போது ஜோடி சேர்க்கலாம். புதிய இலக்கணத்தை முதன்முறை விளக்கும்போது ஆசிரியரே பத்து நிமிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். கூட்டத்தில் பேசவே பயப்படும் பிள்ளையை உடனே நால்வர் குழுவில் தள்ளாமல், சில வாரம் ஒரே ஜோடியோடு விட்டுப் பழக்குங்கள்.

ஆரம்பிப்பதென்றால் ஜோடியிலிருந்து ஆரம்பியுங்கள், அதற்குப் பெஞ்சைக்கூட நகர்த்த வேண்டாம். ஒரே முறையைத் தொடர்ந்து சில வாரம் செய்யுங்கள். முதல் தடவை பாதி நேரம் "என்ன செய்யணும் சார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும். இரண்டாம் தடவை சத்தம் கூடும். மூன்றாவது நான்காவது தடவையில்தான் விதிகள் பழகி, பிள்ளைகளின் கவனம் பத்தியின் மேல் விழும். பலர் இரண்டாவது தடவையோடு "இது நம்ம வகுப்புக்குச் சரிவராது" என்று விட்டுவிடுகிறார்கள். உத்தியை மாற்றாமல் பத்தியை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள்.